இசக்கி பெயரில் வந்த பதில்கள்

செம்பாறைக் குடியிருப்பு, செவ்வாய்
பள்ளிப் பதிவு. எழுதுவது: ஜெபக்கனி, ஆசிரியை.

புயலுக்கு முந்தின நாள். மாலை 4.20

வருகை பதினான்கு. யாரும் விடுப்பு இல்லை. காலை வகுப்பு உள்ளே, மதிய வகுப்பு வெளியே. கைப்பேசிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. ரத்தினராஜ் மட்டும் திரையில் ஜாமை அப்பிக்கொண்டு வந்தான். துடைத்துக் கொடுத்தேன்.

இந்தப் பதிவைப் பூமியில் யாரோ படிப்பார்கள் என்று சொல்லித்தான் எழுத வைக்கிறார்கள். படிக்கிற புண்ணியவான் யாராக இருந்தாலும் சரி, எங்கள் ஏற்பாட்டை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பட்டையில் கட்டிய கைப்பேசி ஒன்று உண்டு. பிள்ளைகள் அதை டப்பா என்பார்கள். பள்ளிப் பெட்டி என்று நாங்கள் சொல்லும் கணினியிலிருந்து நான் கேள்வி அனுப்புவேன். கேள்வி திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் பதில் எழுதலாம், படம் அனுப்பலாம், ஒலி பதியலாம். வெளியே என்றால் செவ்வாயின் மண்ணில் அல்ல, மூடிய குழாய்ப் பாதைகளிலும் தோட்டத்திலும்தான். கணக்கு என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது தக்காளி இலையின் அகலத்தை அளந்து அனுப்புகிறார்கள். பாதையின் சரிவைக் கண்டுபிடிக்கத் தரையில் குப்புறப் படுக்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

போன புயலில் இடங்காட்டிக் கருவி போய்விட்டது. மாற்றுக் கருவி வரும்வரை பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கக் கட்டுப்பாட்டறைக்கு வழியில்லை. அதனால் பள்ளிப் பதிலையே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பதில் வந்தால் பிள்ளை பத்திரம். அங்கே பொறுப்பில் இருக்கும் சேர்மத்துரை அண்ணாச்சி வேளை தவறாமல் கேட்பார், நானும் சொல்வேன்.

இன்று பெட்டியில் ஒரு மாற்றம் செய்தேன். இந்த வாலில்லாக் குரங்குகள் ஒரே பதிலை நாற்பது தடவை அனுப்பி விளையாடுகின்றன. பெட்டி திணறிப்போகிறது. இனி ஒரு கேள்விக்கு ஒரு பெயரில் முதலில் வரும் பதிலை மட்டும்தான் பெட்டி எடுக்கும். பிறகு வருவது என் கண்ணில் படாமலே குப்பைக்கூடைக்குப் போய்விடும். நிம்மதி.

இசக்கியம்மாள் இன்றும் சண்டை போட்டாள். பன்னிரண்டு வயது. பதிலை எழுதிவிட்டுக் கீழே மூன்று வரி வழக்கும் எழுதுவாள். இன்றைய வழக்கு: "மூணுல ஒரு பங்கு கேக்கு யாருக்கு டீச்சர்? ஆளச் சொல்லாம எப்படி வெட்டுறது?" அம்மா இல்லாத பிள்ளை. அப்பா தங்கப்பாண்டிக்கு உருக்காலையில் வேலை, பனிப்பாறையை உருக்கித் தண்ணீராக்குவது. நீண்ட ஷிப்ட் போட்டுவிட்டார்கள், மனிதர் வீட்டுக்கு வந்தே பல நாளாகிறது. அவர் வராத நாட்களில் இசக்கி தன் தோழி ரெஜினா வீட்டில் இருப்பாள். இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி திரியும்.

புயல், முதல் நாள். பிற்பகல் 1.15

முன்னறிவிப்பில் நாளை மறுநாள் என்றார்கள். இன்றே வந்துவிட்டது. மதிய வகுப்பை முன்கூட்டியே தொடங்கிப் பிள்ளைகளை வெளியே அனுப்பியிருந்தேன். பாதித் தூரம் போயிருப்பார்கள், சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் பக்கத்தில் எந்த வீடு இருக்கிறதோ அதில் நுழைந்துவிட வேண்டும் என்பது பழக்கம். கதவுகள் தானாக மூடிக்கொண்டன. நான் பெட்டியைப் பாதுகாக்கிறேன் பேர்வழி என்று நின்றதில் பள்ளியிலேயே மாட்டிக்கொண்டேன். சாப்பாடு இருக்கிறது. காற்று இருக்கிறது. பேச ஆள்தான் இல்லை.

உடனே எல்லாருக்கும் கேள்வி அனுப்பினேன்: "இருக்கிறாயா? எங்கே?"

பதினான்கு பதிலும் வந்தபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ரத்தினராஜ் தோட்டத்துக் காவலறையில் இருக்கிறான், தக்காளி தின்கிறானாம். இசக்கியின் பதில்: "ரெஜினா வீட்ல இருக்கேன் டீச்சர்."

புயல் நேரத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாது. அந்த வழியைக் கட்டுப்பாட்டறை எடுத்துக்கொண்டுவிடும். பள்ளிக் கேள்வியும் பதிலும் மட்டும் ஓடும். பயந்துபோய் இருப்பார்களே என்று மாலையில் பின்னக் கணக்கு அனுப்பினேன். பயத்துக்குப் பின்னக் கணக்கு நல்ல மருந்து. பயத்தைவிட அது மோசம் என்பதால்.

புயல், இரண்டாம் நாள். முற்பகல் 11.05

காலையில் கேட்டேன்: "உன் சுவரில் காதை வைத்துக் கேள். என்ன சத்தம் கேட்கிறது? பதிந்து அனுப்பு." அடைந்து கிடக்கிற பிள்ளைக்குச் சுவரும் பாடம்தான். ஒலிக் கோப்புகள் ஊர்ந்துதான் வரும். எல்லாம் சேரட்டும், சாவகாசமாகக் கேட்கலாம்.

சற்றுமுன் கட்டுப்பாட்டறையிலிருந்து:

"டீச்சரம்மா, சோலார் பேனல் பூரா தூசி மூடிட்டு. பேட்டரி இறங்கிக்கிட்டே வருது. ஆள் இல்லாத எடத்துல காத்தையும் சூட்டையும் நிறுத்தணும். பள்ளிக்கூடத்துக்கும் உருக்காலைக்கும் நடுவுல இருக்க குழாய்ப் பாதைய முதல்ல நிறுத்தலாம்னு பாக்கோம். பெரியாளுங்க கணக்கு சரியா இருக்கு. பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குள்ளதான இருக்கு?"

பட்டியலைப் பார்த்தேன். பதினான்கு பெயருக்கு எதிரேயும் இன்றைய பதில் இருந்தது.

"எல்லாரும் இருக்காங்க அண்ணாச்சி. நிறுத்துங்க."

நன்றி சொன்னார். மதியத்துக்குத் தொட்டிக் கணக்கு தயார் செய்கிறேன்.

புயல், மூன்றாம் நாள். பிற்பகல் 3.30

காற்றின் இரைச்சல் குறையவில்லை. பள்ளியின் விளக்குகளைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு பாடம் நடத்துகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

ஓர் அதிசயம். இசக்கி திருந்திவிட்டாள். மூன்று நாளாக ஒரு வழக்கும் இல்லை. கேட்டதற்குப் பதில், கீழே வெள்ளை. தொட்டிக் கணக்கில் படிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. தொட்டி நிரம்பும்போது குழாயை ஏன் மூடவில்லை, அந்த ஆளுக்கு அறிவில்லையா என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஒரு புயல் வந்துதான் அந்த வாயை அடைக்க வேண்டியிருந்தது என்று நினைத்துச் சிரித்தேன். அவள் பெயருக்கு நட்சத்திரம் ஒன்று அனுப்பினேன். "நல்ல பிள்ளை" என்றும் எழுதினேன்.

ஆனாலும் அந்தச் சண்டை இல்லாமல் என்னவோ போல் இருக்கிறது. ரத்தினராஜ்தான் இப்போதைக்கு ஆறுதல். அவனுக்குத் தக்காளி அலுத்துவிட்டதாம்.

புயல், நான்காம் நாள். காலை 10.10

ஒலிக் கோப்புகளைக் கேட்கத் தொடங்கினேன். ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாய் கூவுகிறது. இன்னொரு வீட்டில் யாரோ குறட்டை விடுகிறார்கள். பிள்ளை அதற்கு "அப்பா, சுவர் இல்லை" என்று குறிப்பும் எழுதியிருக்கிறது.

ரெஜினாவின் பதிவில் காற்றின் ஓசை, நடுவில் அவள் தம்பி அழுகிறான். கைக்குழந்தை. மூன்று தடவை வீறிட்டுவிட்டு ஒரு விக்கல். பிறகு அவர்களின் அம்மா அமலி அக்காவின் "ஓ ஓ ஓ".

இசக்கியின் பதிவைப் போட்டேன். மூன்று தடவை வீறல். ஒரு விக்கல். "ஓ ஓ ஓ."

ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒன்றாகப் பதிந்திருப்பார்கள் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இது ஒரே பதிவு. ஒரு நொடிகூட முன்பின் இல்லை. இசக்கியாக இருந்தால் தனக்கென்று ஒரு சுவரைத் தேடிப் போயிருப்பாள். கட்டிலுக்கு அடியில் புகுந்தாவது வேறு சத்தம் கொண்டுவந்திருப்பாள். யாரோ அவளுக்காகப் போட்டிருக்கிறார்கள்.

வகுப்பில் இது புதிதில்லை. ஒருத்தி கழிப்பறைக்குப் போனால் இன்னொருத்தி "உள்ளேன் டீச்சர்" சொல்வாள். இரண்டும் ஒன்றின் கடவுச்சொல்லை மற்றது அறியும். நானும் தெரிந்தும் தெரியாததுபோல் விட்டுவிடுவேன்.

ரெஜினாவுக்கு மட்டும் கேள்வி அனுப்பினேன்: "இசக்கி உன் பக்கத்தில் இருக்கிறாளா? உண்மையைச் சொல். திட்ட மாட்டேன்."

பதில் வந்தது:

"டீச்சர் சாரி டீச்சர். அவ அவங்க அப்பாவப் பாக்க உருக்காலைக்குப் போயிட்டா. வெளிய வகுப்பு ஆரம்பிச்ச ஒடனே போனா. நான் வர்ற வரைக்கும் எம்பேர்ல பதில் போட்டுருட்டின்னு சொன்னா. அதுக்குள்ள சங்கு ஊதிட்டு. அங்க சிக்னல் கெடையாதுல்லா. பிள்ளைங்க அங்க போனா அவங்க அப்பாவுக்கு வேல போயிரும்னு நானே போட்டுட்டு இருக்கேன். அம்மாகிட்ட, அவ அப்பாகூட இருக்க டீச்சரே லீவு குடுத்துருக்காங்கன்னு சொல்லிட்டேன். அவ அப்பாகூட நல்லாத்தான் இருப்பா டீச்சர்."

உருக்காலைக்குப் போக ஒரே வழிதான். குழாய்ப் பாதை.

அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். ஓடுகிற பிள்ளை. சங்கு ஊதுவதற்குள் போயிருப்பாள்.

அதே நாள். காலை 10.50

உருக்காலைக்குத் தகவல் போகாது, நேற்றுக் கம்பி அறுந்துவிட்டது. அவள் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்க யாரும் இல்லை. அவள் கைப்பேசியிலிருந்து ஏதாவது வந்திருக்குமா என்று பெட்டியைக் குடைந்தேன். குழாய்ப் பாதையில் சிக்னல் உண்டு. மெதுவாக வரும், அவ்வளவுதான். அப்போதுதான் குப்பைக்கூடை நினைவுக்கு வந்தது.

ஐந்து இருக்கின்றன. எல்லாம் இசக்கியம்மாள் என்ற பெயரில். எல்லாம் இரண்டாவதாக வந்தவை. வந்த வரிசையில் எழுதுகிறேன். யாராவது ஒருவர் இதைப் படித்தே ஆக வேண்டும்.

"இருக்கிறாயா? எங்கே?" என்ற கேள்விக்கு:
"டீச்சர் நான் உருக்காலைக் குழாய்ல இருக்கேன். நடுக்கதவும் மூடிட்டு, அப்பா பக்கக் கதவும் மூடிட்டு. தொறக்கச் சொல்லுங்க."

பின்னக் கணக்குக்கு:
"டீச்சர் நான் இசக்கி. கேள்வி வந்தாத்தான் எழுத முடியுது, அதான் இதுல எழுதுதேன். அப்பா கதவத் தட்டிக்கிட்டே இருக்கேன். மெஷின் சத்தத்துல கேக்கல போல."

அன்று கடைசியாக "தூங்கப் போகுமுன் இன்று கற்ற ஒன்றைச் சொல்" என்று கேட்டிருந்தேன். அதற்கு:
"ஏன் டீச்சர் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிய? கோவமா? சொல்லாம வந்தது தப்புதான். இனி வர மாட்டேன். சத்தியமா."

சுவர்ச் சத்தத்துக்கு எழுத்து இல்லை, ஒலி மட்டும். இயந்திரம் தடதடவென்று அடிக்கிறது. அதற்கு நடுவே, கதவுக்கு அந்தப் பக்கம், ஓர் ஆண் குரல்: "ஏலே, டீ ஆறிப்போச்சு பாரு." தங்கப்பாண்டியின் குரல். பிறகு அவள் "அப்பா" என்கிறாள். கத்தவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

தொட்டிக் கணக்குக்கு:
"விடை மூணு மணி நேரம். முதல் குழாய் ஆறுல ஒரு பங்கு, ரெண்டாவதும் ஆறுல ஒரு பங்கு. சேத்தா மூணுல ஒரு பங்கு. பதில் போடாம வேற எழுதுனதுனாலதான் நீங்க பாக்கலன்னு நெனைக்கேன். இப்ப சரியாப் போட்டுட்டேன். ரொம்பக் குளுருது டீச்சர். தொறங்க."

அதற்குப் பிறகு நான் ஏழு கேள்வி அனுப்பியிருக்கிறேன். கூடையில் வேறொன்றும் இல்லை.

நிறுத்துங்கள் என்று சொன்னது என் வாய்.

அதே நாள். முற்பகல் 11.30

கட்டுப்பாட்டறையிடம் சொன்னேன். அண்ணாச்சி சொன்னார்:

"டீச்சரம்மா, இப்பவே காத்தத் திருப்பி விடுதேன், நெரம்ப நேரமாவும். ஆனா கதவ இழுக்க பேட்டரில வலு இல்ல. தூசி அடங்காம முடியாது. நடுக்கதவு உங்க பக்கம் கைப்பிடி போட்டுச் சுத்தலாம். அதத் தொறந்தா உங்க காத்தும் சூடும் அங்க போயிரும். அத மொதல்ல யோசிங்க."

"யோசிக்க என்ன இருக்கு அண்ணாச்சி."

"கவச உடை போட்டுக்கிடுங்க. தாயி, கவனம்."

இதுவரை என்னைத் தாயி என்று அழைத்ததில்லை. போகிறேன். காற்றை நிறுத்தி இரண்டு நாள் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் சாமர்த்தியக்காரி, எதையாவது போர்த்திக்கொண்டிருப்பாள். எங்கேயாவது சூடான குழாயைக் கண்டுபிடித்து அதை ஒட்டி உட்கார்ந்திருப்பாள்.

அதே நாள். பிற்பகல் 3.40

அப்பா பக்கக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு. கைப்பேசி மடியில், திரை மேலே பார்த்தபடி. அடுத்த கேள்வி வந்தால் உடனே தெரியட்டும் என்று.

நானும் அந்தக் கதவைத் தட்டினேன். கையில் கிடைத்த இரும்பால் அடித்தேன். அந்தக் கதவின் கைப்பிடி அந்தப் பக்கம் மட்டும்தான். இயந்திரம் நிற்கவில்லை. நின்றால் எங்கள் எல்லாருக்கும் தண்ணீர் இல்லை, அதனால் தங்கப்பாண்டி அதை நிறுத்த மாட்டார். தன் பிள்ளை ரெஜினா வீட்டில் பின்னக் கணக்கு போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்.

தூக்கிக்கொண்டு வந்தேன். இங்கே எடை குறைவு. அந்தப் பாழாய்ப்போன குறைந்த எடை எனக்குத் தாங்கவில்லை. வகுப்பறையில் அவள் இடத்தில் படுக்க வைத்து என் போர்வையைப் போர்த்தினேன். குளிர் என்றாளே.

சேர்மத்துரை அண்ணாச்சியிடம் ஒரே வார்த்தை சொன்னேன். அவர் அழுதார். நான் இன்னும் அழவில்லை. பெட்டியை உடைக்கலாம் என்று இரும்பை ஓங்கினேன். பதின்மூன்று பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் வழி என்பதால் கீழே போட்டுவிட்டேன்.

புயல், ஐந்தாம் நாள். காலை 9.20

விரல் மரத்துப்போகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நடுக்கதவைத் திறந்ததிலிருந்து அறையின் காற்றும் சூடும் பாதிக்குக் கீழே. பெட்டியின் பேட்டரியும் கடைசிக் கோட்டில். இன்று மாலை தாங்கினால் அதிகம் என்கிறார் அண்ணாச்சி. புயல் இன்னும் பல நாள் இருக்குமாம்.

கேள்வி அனுப்பினேன். என்ன கேட்டேன் என்று நினைவில்லை. சின்னதாக ஏதோ ஒன்று. பிள்ளைகள் பதில் போட்டார்கள். ரத்தினராஜ் பூ படம் அனுப்பியிருக்கிறான்.

ரெஜினாவிடமிருந்து, அவள் பெயரில்:

"டீச்சர் இசக்கிகிட்டப் பேசிட்டீங்களா? நான் காட்டிக்குடுத்துட்டேன்னு எம்மேல கோவமா இருக்காளா?"

பதினொரு வயது. அடைத்த கதவுக்குப் பின்னால், அழுகிற குழந்தையோடும் களைத்துப்போன அம்மாவோடும். அவளிடம் இதை எழுத்தில் சொல்ல முடியாது. கைப்பேசியில் சொல்லவே கூடாது. ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள். கதவுகள் திறந்ததும் முதலில் தங்கப்பாண்டியிடம் போங்கள். அடுத்து ரெஜினாவிடம். அவள் தோழிக்காகப் பதில் போட்டாள், அவ்வளவுதான். கதவை மூடியதும் காற்றை நிறுத்தியதும் பெரியவர்கள். நிறுத்தச் சொன்னது நான். இதை அவள் நம்பும்வரை சொல்லுங்கள், ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டாள். நான் இருந்தால் நானே

விரலைத் தேய்த்துச் சூடாக்க வேண்டும். பிறகு.

அதே நாள். காலை 11.00

அவளுக்கு எழுதினேன்: "உன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை ரெஜினா. அவள் அப்பா பக்கத்திலேயே இருந்தாள்."

இரண்டாவது வாக்கியம் பொய் இல்லை. ஒரு கதவு தூரம்.

உடனே பதில் வந்தது. எவ்வளவு வேகமாக எழுதுகிறாள்.

"அப்பாடா. ராத்திரி பூரா தூங்கல டீச்சர். அவ இந்த வருசம் ஒரு நாள்கூட லீவு போடலல்லா, வருகை விட்டுப்போச்சுன்னா அழுவா. அங்க சிக்னல் இல்லல்லா. நாளைக்கும் அவ பேர்ல நானே பதில் போடட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். போர்வை அசையவில்லை.

நாளை கேள்வி போகாது. பெட்டி இருக்காது.

போடு என்று எழுதினேன்.